இலங்கையில் இறப்பர் இரசாயன ஆய்வு

இலங்கையின் இறப்பர் இரசாயன ஆய்வு நூறாண்டைத் தாண்டியது. இன்று அதன் பெரும்பகுதி கொழும்பின் தென்புறத்தில் நடக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெகிவளை, கல்கிசை கடந்தால் இரத்மலானை. இலங்கை இறப்பர் ஆராய்ச்சி நிறுவகத்தின் இரசாயன, தொழினுட்ப ஆய்வுகூடங்கள் அங்கே உள்ளன. இன்னும் சற்றுத் தெற்கே, கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். நகரின் வடக்கே கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள துறைமுகத்துக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. முதல் கன்றுகள் வந்ததும், மூல இறப்பர் கப்பலேறியதும், இறப்பரோடு கலக்கும் காபன் கறுப்பு இப்போது வந்திறங்குவதும் கொழும்புத் துறைமுகத்தின் வழியேதான்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 1,919 அதே ஆண்டு 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் அவை நடப்பட்டன. மரம் வளர்ந்தது, பாலும் சுரந்தது. ஆனால் அந்தப் பாலை எப்படித் திரையச் செய்வது, எப்படிக் கெடாமல் வைப்பது என்பதில் நெடுநாள் எவருக்கும் தெளிவு இருக்கவில்லை. பேராதனைப் பூங்காவில் பணியாற்றிய ஜோன் பார்க்கின் 1899இல் இதற்கு வழிகாட்டினார். அசற்றிக் அமிலம் சேர்த்துப் பாலைத் திரையவைக்கும் முறையை ஆராய்ந்து வெளியிட்டவர் அவர். பட்டையை மீண்டும் மீண்டும் சீவினால் பால் கூடுதலாக வடியும் என்பதைக் காட்டியவரும் அவரே. 1906இல் பேராதனையில் இறப்பர் கண்காட்சியொன்று நடந்தது. 1909இல் களுத்துறைத் தோட்டக்காரர்கள் ஒன்றுகூடி, பால் திரைவதை ஆராய ஓர் இரசாயனவியலாளரை அமர்த்த முடிவெடுத்தார்கள். உலகின் மிகப் பழைய இறப்பர் ஆராய்ச்சி நிறுவகம் எனப்படுவது இந்த முடிவிலிருந்து பிறந்தது. அதன் முதல் கேள்வியே இரசாயனக் கேள்வி என்பது கவனிக்கத்தக்கது.

எனினும் அந்தக் கேள்வி பாலோடும் அதிலிருந்து செய்யும் இறப்பர்த் தாளோடும் நின்றுவிட்டது. உலர்ந்த இறப்பரின் வலிமையைச் சோதிக்கும் வேலை பெரும்பாலும் இலண்டனில், இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் நடந்தது. மாதிரிகள் இங்கிருந்து கப்பலில் போயின, முடிவுகள் கடிதமாக வந்தன. அந்நாளில் இறப்பர்த் தொழிலின் பெரும் இலாபம் இறப்பரோடு பிற பொருள்களைச் சேர்க்கும் கலவை அறையில் பிறந்தது, அந்த அறையோ கடலுக்கு அப்பால் இருந்தது. பொருளை ஆக்குபவர்களின் கையில் சோதனைக்கூடமும் இருந்தால் விலை பேசும் பலம் அவர்களுக்கே. குடியேற்றக்கால ஆய்வின் மிகப் பெரிய குறை இதுவே.

இறப்பர் ஆராய்ச்சிக்கான கட்டளைச் சட்டம் 1930இல் வந்தது. ஆராய்ச்சி அமைப்பின் தலைமையகம் அகலவத்தையில் டார்ட்டன்பீல்ட் தோட்டத்தில் அமைந்தது. 1951இல் அந்த அமைப்பு இறப்பர் ஆராய்ச்சி நிறுவகம் என்ற பெயரைப் பெற்றது. அடுத்த ஆண்டு சீனாவுடன் செய்த ஒப்பந்தம் இலங்கை இறப்பருக்கு உறுதியான சந்தையைத் தந்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும், ஐந்தாண்டுக்கு. மூல இறப்பரை விற்பதே போதும் என்ற எண்ணத்தை இது வலுப்படுத்தியிருக்கவும் கூடும். இக்காலத்து ஆய்வில் சிறந்தவை தூய்மை பற்றியவை. இலங்கை பெயர்பெற்ற வெளிர்நிறக் கிறேப் இறப்பருக்கு, பாலை இரு கட்டமாகத் திரையச் செய்து, மஞ்சள் நிறமிகளை முதற்பகுதியோடு பிரித்துவிடுவார்கள். நிறுவகத்தின் காலாண்டிதழில் நடராஜா, திரிமான்ன, குமாரசாமி, காசிநாதன் ஆகியோர் 1971இல் எழுதிய கட்டுரை, இறப்பர் பாலில் இயற்கையாகவே இருக்கும் ஒட்சியேற்ற எதிரிகளைப் பற்றியது. இறப்பர் வெயிலிலும் சூட்டிலும் பிசுபிசுத்துப் போகாமல் மரமே அதற்கு என்ன காவல் வைத்திருக்கிறது என்ற அருமையான கேள்வி அது. தமிழ், சிங்கள ஆய்வாளர்கள் ஒரே மேசையில் இருந்து செய்த வேலை என்பதாலும் அதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி, இறப்பரோடு கலக்கும் தூள்களான நிரப்பிகள். இறப்பர் என்பது ஐசோப்பிரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் தொடுத்த சங்கிலி. பல்பகுதியங்கள் இப்படிப்பட்ட நீண்ட மூலக்கூறுகளே என்று இரசாயனவியலாளர் ஸ்டௌடிங்கர் 1920இல் சொன்னபோது பலர் நம்பவில்லை. அதற்கு முன்பே தொழிற்சாலைகள் சுண்ணத்தூளையும் வெண்களியையும் இறப்பரில் கலந்துவந்தன, பெரும்பாலும் விலையைக் குறைக்க. 1904இல் இலண்டன் சில்வர்டவுனில் எஸ். சி. மோட் என்பவர் காபன் கறுப்பைச் சேர்த்தால் இறப்பரின் வலிமை ஏறுவதைக் கண்டார். டயர் கறுப்பானதற்கு வேர் அங்கே இருக்கிறது.

வலிமை ஏறுவதற்குக் காரணம் நுண்மை. டயர் ஓடுதளத்துக்கு இடும் கறுப்பின் முதன்மைத் துகள் முப்பது நனோமீற்றர் அளவினது. ஒரு கிராமின் மேற்பரப்பை விரித்தால் எழுபது, எண்பது சதுர மீற்றர் வரும். அந்தப் பரப்பில் இறப்பர்ச் சங்கிலிகள் பற்றிக்கொள்கின்றன. 1938இல் ஆய்வாளர்கள் கூத்தும் கோல்டும் தந்த சமன்பாட்டின்படி, கலவையின் கனவளவில் ஐந்திலொரு பங்கு நிரப்பியானால் விறைப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். நூறு பங்கு இறப்பருக்கு ஐம்பது பங்கு கறுப்பு என்ற தொழிற்சாலைக் கணக்கு அநேகமாக இதே அளவுதான். ஆனால் அளந்து பார்த்தால் விறைப்பு சமன்பாட்டை மிஞ்சும். துகள்கள் கொத்தாகி, தம் இடுக்குகளில் இறப்பரைச் சிறைப்பிடிப்பதும், கொத்துகள் ஒன்றோடொன்று தொட்டு வலையாவதும் இதற்குக் காரணம். மிகச் சிறிய அசைவிலேயே அந்த வலை உடையத் தொடங்கும், பிறகு கூடும். உடைவதும் கூடுவதுமாக வீணாகும் சக்தி வெப்பமாகிறது. 1960களில் இங்கிலாந்தில் பெயின் என்ற ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்த இந்த விளைவு அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆய்வுகூடத்தில் நிரப்பியைக் கலக்கும் வேலை இரட்டை உருளை ஆலையில் தொடங்கும். ஒன்று மெதுவாகவும் மற்றது சற்று வேகமாகவும் சுழல, இடைவெளியில் இட்ட இறப்பர் கிழிபட்டு, இளகி, முன்னுருளையைப் பட்டையாகச் சுற்றிக்கொள்ளும். கறுப்புத் தூளைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். பட்டையைக் கத்தியால் குறுக்கே வெட்டி மடித்து, திரும்பத் திரும்ப உள்ளே விட வேண்டும். நாக ஒட்சைட்டும் ஸ்ரியரிக் அமிலமும் முன்னே போகும். கந்தகம் கடைசியில், சூடு தணிந்திருக்கும்போது. பொறுமை தவறினால் தூள் கட்டிகட்டியாக நிற்கும், பிறகு இழுவைச் சோதனையில் துண்டு அந்தக் கட்டியில்தான் அறும். எந்த நுண்காட்டியும் பார்ப்பதற்கு முன்னே ஆலையில் நிற்பவரின் கை முடிவின் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

இந்த அறிவு இலங்கையில் பணமாகியது தொழிற்சாலைகள் வந்த பிறகே. 1960களில் சோவியத் உதவியோடு களனியில் அரச டயர்த் தொழிற்சாலை எழுந்தது. 1976இல் ஹேலீஸ் குழுமத்தின் டிப்ட் புரொடக்ட்ஸ் கையுறைத் தொழிலில் இறங்கியது. 1984இல் டயர் நிறுவனமான லோட்ஸ்டார் தொடங்கியது. இன்று பாரந்தூக்கி வண்டிகளுக்கான திண்மடயர் ஆக்கத்தில் இலங்கை உலகின் முன்வரிசையில் நிற்கிறது. காற்றில்லாத இந்த டயருக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை, இறப்பர் வெப்பத்தை அரிதாகவே கடத்தும். ஆகவே அடியில் விறைத்த கலவை, நடுவில் வெப்பம் குறைவாக எழும் மெத்தைக் கலவை, மேலே தேய்வைத் தாங்கும் கலவை என்று அடுக்குகிறார்கள். நடு அடுக்கில் நிரப்பி கூடினால் டயர் உள்ளிருந்தே வெந்து வெடிக்கும். பெயின் விளைவு அங்கே பாடப்புத்தகச் செய்தி அல்ல.

காபன் கறுப்புக்கு அந்நியச் செலாவணி வேண்டும். எனவே உள்நாட்டு நிரப்பிகளைத் தேடுவது இலங்கை ஆய்வாளரின் நெடுநாள் முயற்சி. கொழும்பை அடுத்த பொரலஸ்கமுவவில் வெண்களி இருக்கிறது. போகலையிலும் கஹட்டகஹவிலும் மிகத் தூய பென்சிற்கரி இருக்கிறது. நெல் உமிச் சாம்பலில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு சிலிக்கா. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சிக்கல். களித்தகடுகள் இறப்பரை ஏற்பதில்லை, அவற்றின் மேற்பரப்பை மாற்ற வேண்டும். சிலிக்காவின் மேற்பரப்பில் ஐதரொட்சில் கூட்டங்கள் நிறைந்திருப்பதால் அது தன்னோடு தானே ஒட்டும். சிலேன் இணைப்பி அதைப் பிரிக்கும், ஆனால் இயற்கை இறப்பரில் எஞ்சிய புரதங்கள் அந்த இணைப்புக்கு இடையூறாகின்றன. பால் வெள்ளையாக இருக்கும்போதே புரதத்தைக் குறைப்பதா, இணைப்பியை மாற்றுவதா? பார்க்கின் காலத்துப் பால் ஆய்வும் இன்றைய கலவை ஆய்வும் இந்த இடத்தில் ஒன்றாகின்றன. 2008இல் அரசும் ஹேலீஸ், லோட்ஸ்டார் முதலிய நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய நனோ தொழினுட்ப நிறுவகம் இத்தகைய முயற்சிகளுக்கு மேலும் ஒரு தளமானது.

ஆய்வு இப்படி விரிய, இறப்பர் மரத்தின் நிலை நேர்மாறு. 2011இல் ஏறத்தாழ 158,000 தொன்னாக இருந்த உற்பத்தி, 2022 அளவில் அதில் பாதிக்கும் கீழே வந்தது. 2019இல் பரவிய இலைநோயும் ஒரு காரணம். தொழிற்சாலைகள் இயற்கை இறப்பரையே இறக்குமதி செய்கின்றன. வெளிநாட்டு இறப்பரின் புரதமும் இளக்கமும் உள்நாட்டுத் தாளினதைப் போல் இருப்பதில்லை. ஆகவே வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் பிசுக்குமையை அளந்து, கறுப்பின் அளவையும் ஆலை நேரத்தையும் திருத்தவேண்டியிருக்கிறது.