கடலில் ஒரு சுவடி ஆராய்ச்சி: திமில் ஓங்கில்களின் வரலாறு



டால்பின் என்று நாம் இன்று அழைக்கும் கடல்வாழ் பாலூட்டிக்கு ஓங்கில் என்னும் அழகிய தமிழ்ப்பெயர் உண்டு. மலாயில் அது லும்பா-லும்பா. நம் மலாக்கா நீரிணையில், லங்காவித் தீவுகளை அடுத்தும் பேராக் மாநிலத்தின் மாத்தாங் சதுப்புநிலக் காடுகளை அடுத்தும் வாழும் ஓங்கில்களுள் ஒருவகை, வளர்ந்தபின் இளஞ்சிவப்பு நிறம் பெறுகிறது. இதன் உறவினம் இந்தியாவின் மேற்குக் கரையில் ஈய நிறத்தில் காணப்படுகிறது. அதன் முதுகில் காளையின் திமில் போன்ற மேடு உண்டு. எனவே இக்கூட்டம் முழுவதையும் திமில் ஓங்கில் என்போம். இவையெல்லாம் ஓரினமா, பல இனங்களா? இவ்வினா ஏறத்தாழ 250 ஆண்டுகள் அறிஞர்களை அலைக்கழித்தது.

சுவீடன் நாட்டவரான பேர் ஒஸ்பெக், தாம் சீனப் பயணத்தில் கண்ட வெண்ணிற ஓங்கிலுக்குச் சீனத்தின் பெயரைச் சூட்டினார். அப்பெயர் 1765 ஆம் ஆண்டிலிருந்து வழங்குகிறது. 1829 இல் பிரான்சு அறிஞர் குவியே, மலபார்க் கரையின் ஓங்கிலுக்கு ஈய நிறத்தால் பெயரிட்டார். சென்னை மாகாண அதிகாரியான வால்டர் எலியட் விசாகப்பட்டினத்தில் திரட்டியவற்றைக் கொண்டு, 1866 இல் இலண்டனில் ரிச்சர்டு ஓவன் இன்னொரு பெயர் தந்தார். இவர்கள் நோக்கியவை நிறமும் வடிவமும் எலும்புமே. பிற்காலத்தில் சிலர் இவற்றைப் பல இனங்களாகப் பிரித்தனர். வேறு சிலர் இந்தோ-பசிபிக் கடல் முழுவதற்கும் ஓரினமே என்றனர்.

இங்குதான் மரபணு துணைக்கு வந்தது. அதன் முறையைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணரலாம். உ.வே.சாமிநாத ஐயர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் பல ஏடுகளை ஒப்பிட்டார். ஒரே ஏட்டைப் பார்த்து எழுதிய படிகளில் அதே பிழைகள் தொடரும். தனித்தனியே வழிவந்த படிகளில் வெவ்வேறு பாடங்கள் சேரும். உயிர்களும் அவ்வாறே. தலைமுறைதோறும் மரபணு படியெடுக்கப்படும்போது சிறு மாற்றங்கள் நேர்கின்றன. இரு கூட்டங்கள் கலந்து இனம்பெருக்காவிடில் அம்மாற்றங்கள் தனித்தனியே குவியும். தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு, தாய்மரபின் வரலாற்றைத் தனியே காட்டும். இதற்கு ஓங்கிலைக் கொல்ல வேண்டியதில்லை. சிறு அம்பு கொய்துவரும் துளித் தோலோ, கரையொதுங்கிய உடலின் சதையோ போதும்.

2013 ஆம் ஆண்டில் மார்ட்டின் மெண்டஸ், தாமஸ் ஜெபர்சன், ஹோவர்டு ரோசன்பாம் உள்ளிட்ட குழுவினர், மேற்கு ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை திரட்டிய 235 திசு மாதிரிகளையும் 180 மண்டையோடுகளையும் ஆராய்ந்தனர். மரபணுவும் எலும்பும் ஒன்றுபோல் நான்கு இனங்களைக் காட்டின: மேற்கு ஆப்பிரிக்க இனம், இந்தியப் பெருங்கடலின் ஈய நிற இனம், தென்கிழக்காசியா முதல் சீனம் வரையுள்ள இனம், ஆஸ்திரேலிய இனம். இறுதியில் கூறப்பட்ட இனம் 2014 இல் முறைப்படி பெயர்பெற்றது. நம் நீரிணையில் வாழ்வது மூன்றாவது இனம். 2017 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வங்காளதேசக் கரையோர ஓங்கில்கள் இவற்றினின்றும் மரபணுவால் வேறுபடுவதைக் காட்டியது.

பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். ஓரினமாகக் கருதப்பட்ட காலத்தில், 2008 ஆம் ஆண்டின் உலகச் செம்பட்டியல் இவற்றை அச்சுறு நிலையை அண்மித்தவை என்று மட்டுமே குறித்தது. பிரித்து எண்ணியபோது உண்மை வெளிப்பட்டது. 2017 இல் வெளியான மதிப்பீட்டில் ஈய நிற இனம் அருகிவிட்டது என்றும், நம் இனம் அழிவுக்கு இலக்காகக்கூடியது என்றும் அறிவிக்கப்பட்டன. பரந்த கடலில் எங்கும் இருக்கிறது என்ற நினைப்பு, ஒவ்வொரு கரையிலும் நேர்ந்த இழப்பை மறைத்திருந்தது.

திமில் ஓங்கில் ஆழ்கடலை விரும்பாது. ஆற்று முகத்துவாரங்களையும் ஆழமற்ற கரையோரத்தையும் சார்ந்து வாழ்வது. வலையில் சிக்கியோ, கழிவாலோ, கடலைத் தூர்ப்பதாலோ ஒரு கரையில் அது அற்றுப்போனால், மலபார்க் கரையிலிருந்து மற்றொன்று வந்து அவ்விடத்தை நிரப்பாது. நாம் வங்கக் கடலைக் கடந்து வந்தோம், அது வருவதில்லை.

பிரிக்பீல்ட்ஸை ஒட்டி ஓடும் கிள்ளான் ஆறு சென்று கலப்பதும் இந்நீரிணையில்தான். அறிவியல் பாடத்தில் மரபணுவைச் சொல்லும்போது இவ்வரலாற்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஆற்றில் எறியும் ஒரு நெகிழிப்பை யாருடைய வீட்டு வாசலுக்குப் போகிறது என்பதை அவர்களே உணர்வார்கள்.