ஓய்வுக்காலக் கல்விக் குடியிருப்புகள்: ஓர் அமெரிக்க வரலாறு

பணி ஓய்வு பெற்றவர்கள் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்ந்து, வகுப்பு, சொற்பொழிவு, வாசிப்பு வட்டம் ஆகியவற்றில் தொடர்ந்து பங்கேற்கும் வகையில் அமைக்கப்பட்டவை ஓய்வுக்காலக் கல்விக் குடியிருப்புகள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாயின. பெரும்பாலும் ஒரு கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தின் வளாகத்திலோ அதை ஒட்டியோ இவை அமைந்துள்ளன.

நம் நாட்டில் ‘முதியோர் கல்வி’ என்றதும் எழுத்தறிவு வகுப்பே நினைவுக்கு வரும். 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் 15 முதல் 35 வயது வரையிலானவர்களை முதன்மையாகக் கருதியது. இக்கட்டுரை கூறும் கல்வி வேறு. படித்து, வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டவர்கள் பட்டமோ பதவியோ வேண்டாமல் மீண்டும் கற்பதைப் பற்றியது இது.

இந்த வரலாற்றில் இரண்டு போக்குகள் உள்ளன. முதியவர்கள் இளையோரிடமிருந்து விலகித் தனி ஊராக வாழ்ந்தது ஒன்று. முதியவர்கள் வகுப்பறைக்குத் திரும்பியது மற்றொன்று. தனித்தனியே வளர்ந்த இவ்விரண்டும் பிற்காலத்தில் ஒன்று சேர்ந்தன.

ஓய்வுக்காலம் என்னும் புதிய பருவம்

அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1935 ஆகஸ்ட் 14 அன்று கையெழுத்திட்டார். 65 வயதில் ஓய்வூதியம் என்ற ஏற்பாடு இச்சட்டத்தால் நாடு தழுவியதாயிற்று. ஆனால் எல்லோருக்கும் அது கிட்டவில்லை. மாநில, உள்ளாட்சி ஊழியர்கள் தொடக்கத்தில் இச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்களும் அவர்களுள் அடங்குவர். அந்தந்த மாநிலம் தரும் ஓய்வூதியத்தையே அவர்கள் நம்பியிருந்தனர். பல இடங்களில் அது மிகக் குறைவு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆயுள் நீண்டது; தனியார் நிறுவன ஓய்வூதியங்களும் பெருகின. வேலை முடிந்த பிறகும் நல்ல உடல்நலத்துடன் பத்து, இருபது ஆண்டுகள் வாழ்வது பலருக்கு இயல்பாயிற்று. அந்த ஆண்டுகளை எப்படிக் கழிப்பது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

ஒரு தலைமையாசிரியையின் முயற்சி

இக்கேள்விக்கு முதலில் விடை தேடியவர்களுள் எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் (1884–1967) குறிப்பிடத்தக்கவர். இவர் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் லிங்கன் உயர்நிலைப் பள்ளியில் 28 ஆண்டுகள் தலைமையாசிரியையாக இருந்து 1944-இல் ஓய்வு பெற்றார். பிறகு ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் நலனைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். அப்போது, வாடகை கொடுக்க வழியின்றி ஒரு முன்னாள் ஆசிரியை கோழிக் கொட்டகையில் குடியிருப்பதைக் கண்டார் என்பது அவரது வாழ்க்கை வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி.

ஆண்ட்ரஸ் 1947-இல் தேசிய ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கினார். ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு மருத்துவக் காப்பீடு பெற்றுத் தருவது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று. 1954-இல் கலிபோர்னியாவின் ஓஹாய் என்னும் ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்காகக் ‘கிரே கேபிள்ஸ்’ என்ற இல்லத்தை அச்சங்கம் ஏற்படுத்தியது. பிற தொழில்களில் இருந்தவர்களுக்காக 1958-இல் அவர் தொடங்கிய அமைப்பே இன்று ஏஏஆர்பி என்ற பெயரில் அமெரிக்காவின் மிகப் பெரிய முதியோர் அமைப்பாக விளங்குகிறது. 1963-இல் வாஷிங்டனில் வாழ்நாள் கற்றல் கழகம் ஒன்றையும் அவர் நிறுவினார். வீடு, மருத்துவம், கல்வி மூன்றும் முதுமைக்குச் சேர்ந்தே தேவை என்ற எண்ணம் இம்முயற்சிகளில் தெளிவாகத் தெரிகிறது.

சன் சிட்டி: விளையாட்டும் விலகலும்

வணிக உலகம் வேறு விடையைத் தந்தது. அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகருக்கு அருகே 1954-இல் பென் ஷ்லைஃபர் யங்டவுன் என்னும் முதியோர் ஊரை உருவாக்கினார். அதன் பக்கத்தில், பருத்தி விளைந்த நிலத்தில், டெல் வெப் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர் சன் சிட்டியை எழுப்பினார். 1960 ஜனவரி 1 அன்று மாதிரி வீடுகள், கடைத்தெரு, கோல்ஃப் திடல், பொழுதுபோக்கு மையம் ஆகியவற்றுடன் அது திறக்கப்பட்டது. தொடக்க நாள்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தனர்.

ஓய்வு என்பது முடக்கம் அல்ல, சுறுசுறுப்பான வாழ்க்கை என்ற கருத்தை நாடு முழுவதும் பரப்பியது சன் சிட்டியே. நீச்சல், கோல்ஃப், கைவினை, நடனம் என நாள் முழுவதும் ஏதாவது நடந்துகொண்டிருந்தது. ஆனால் அங்கே குழந்தைகள் குடியிருக்க இடமில்லை.

இந்த விலகலின் விளைவு பள்ளிக்கூடங்களைத் தொட்டது. அமெரிக்காவில் பொதுப் பள்ளிகளின் செலவில் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. புதிய பள்ளிக் கட்டடம் கட்டக் கடன் திரட்ட வேண்டுமானால் வாக்காளர்கள் ஒப்புதல் தர வேண்டும். சன் சிட்டி அப்போது பியோரியா பள்ளி மாவட்டத்தில் இருந்தது. தங்கள் ஊரில் படிக்கும் பிள்ளைகளே இல்லாதபோது எதற்கு வரி என்று கருதிய குடியிருப்போர், அக்கடன் வாக்கெடுப்புகளில் பலமுறை எதிர்த்து வாக்களித்தனர். முடிவில் 1970-களில் சன் சிட்டி அப்பள்ளி மாவட்டத்திலிருந்தே பிரிக்கப்பட்டது.

1988-இல் திருத்தப்பட்ட நியாயமான வீட்டுவசதிச் சட்டம், குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு வீடு மறுப்பதைத் தடை செய்தது. ஆயினும் முதியோர் குடியிருப்புகளுக்கு விலக்கு அளித்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியிருக்கும் வீடுகளில் குறைந்தது 80 விழுக்காட்டில் 55 வயது நிரம்பிய ஒருவராவது இருந்தால் அக்குடியிருப்பு இவ்விலக்கைப் பெறலாம்.

வகுப்பறைக்குத் திரும்பியவர்கள்

சன் சிட்டி வளர்ந்துவந்த அதே காலத்தில், நியூயார்க்கில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள் சிலர் தங்களுக்குத் தரப்பட்ட பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளில் நிறைவு காணவில்லை. அவர்களது முயற்சியால் 1962-இல் நியூ ஸ்கூல் என்னும் உயர்கல்வி நிறுவனத்தில் ஓய்வு பெற்ற தொழில்முறையாளர் கழகம் தோன்றியது. அங்கே சம்பள ஆசிரியர் இல்லை. பாடத்தைத் திட்டமிடுவதும் நடத்துவதும் உறுப்பினர்களே. இன்று ஒரு வகுப்பில் ஆசிரியராக இருப்பவர் நாளை இன்னொரு வகுப்பில் மாணவராக அமர்வார். பிற்காலத்தில் நாடெங்கும் தோன்றிய கழகங்கள் பலவும் இம்முறையைப் பின்பற்றின.

ஐரோப்பாவிலும் இதே காலத்தில் இவ்வெண்ணம் வேரூன்றியது. பிரான்சின் துலூஸ் நகரில் 1973-இல் பேராசிரியர் பியர் வெல்லாஸ் ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழக’த்தைத் தொடங்கினார். அது பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் முதியோருக்குக் கற்பிக்கும் முறை. 1981-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பீட்டர் லாஸ்லெட் முதலியோர் தொடங்கியபோது, உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறையாக அது மாறியது.

அமெரிக்காவில் 1975-இல் மார்ட்டி நோல்ட்டன், டேவிட் பியான்கோ இருவரும் ‘எல்டர்ஹாஸ்டல்’ திட்டத்தைத் தொடங்கினர். கோடை விடுமுறையில் காலியாகக் கிடக்கும் கல்லூரி விடுதிகளில் முதியவர்கள் தங்கிப் படிப்பது இதன் ஏற்பாடு. முதல் கோடையில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஐந்து கல்லூரிகளில் 220 பேர் சேர்ந்தனர். 2001 முதல் பெர்னார்ட் ஓஷர் அறக்கட்டளை நல்கை அளிக்கத் தொடங்கியது. இன்று அதன் பெயரால் ஏறத்தாழ 120 கல்வி நிறுவனங்களில் வாழ்நாள் கற்றல் கழகங்கள் இயங்குகின்றன. இவற்றில் பொதுவாகத் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

வளாகத்திலேயே வீடு

விடுதியில் ஒரு வாரம் தங்கிப் படிக்கலாம் என்றால், வளாகத்திலேயே குடியேறினால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே கல்லூரிசார் குடியிருப்பு. கல்லூரிகளுக்கும் இதில் ஆதாயம் உண்டு. நிலத்துக்கு வருமானம் கிடைக்கும்; முன்னாள் மாணவர்களின் பற்றுதல் நிலைக்கும்; முதியோர் நலம், செவிலியம் படிக்கும் மாணவர்களுக்குப் பயிற்சிக் களம் அமையும்.

ஒஹையோ மாநிலத்தில் ஓபர்லின் கல்லூரிக்கு அருகே 1993-இல் கெண்டல் குடியிருப்பு திறக்கப்பட்டது. அங்கு வாழ்வோர் கல்லூரி வகுப்புகளுக்குச் சென்று வரலாம். அக்குடியிருப்பின் உள்ளேயே ஒரு மழலையர் பள்ளியும் உண்டு. 2004-இல் புளோரிடா பல்கலைக்கழகத் தொடர்புடன் கெய்ன்ஸ்வில் நகரில் ஓக் ஹாமக் தொடங்கியது. 2020 டிசம்பரில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெம்பி வளாகத்தில் மிராபெல்லா என்னும் 20 மாடிக் கட்டடம் திறக்கப்பட்டது. அங்குக் குடியிருப்போருக்குப் பல்கலைக்கழக அடையாள அட்டை வழங்கப்படுகிறது.

கல்லூரியின் பெயரை விளம்பரத்துக்கு மட்டும் பயன்படுத்தும் குடியிருப்புகளும் தோன்றியதால், ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கார்ல் ஐந்து அளவுகோல்களை முன்வைத்தார். குடியிருப்பு வளாகத்துக்கு அண்மையில் இருத்தல், முறைப்படுத்தப்பட்ட கூட்டு நிகழ்ச்சிகள், தனி வீடு முதல் செவிலியர் பராமரிப்பு வரை அனைத்து நிலைகளும் கிடைத்தல், இரு நிறுவனங்களுக்கும் இடையே நிதித் தொடர்பு, குடியிருப்போரில் குறைந்தது 10 விழுக்காட்டினர் கல்லூரியோடு முன்தொடர்பு உடையோராதல் என்பன அவை.

லாசல் கிராமம்: ஆண்டுக்கு 450 மணி நேரம்

கல்வியை விருப்பமாக அன்றிக் கடமையாகவே வைத்த இடம் லாசல் கிராமம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில், 1851-இல் பெண்கள் பள்ளியாகத் தொடங்கிய லாசல் கல்லூரியின் வளாகத்தில் இது 2000-இல் திறக்கப்பட்டது. இங்குக் குடியேறுவோர் ஆண்டுக்கு 450 மணி நேரம் கற்றலில் ஈடுபட ஒப்புக்கொள்ள வேண்டும். வாரக் கணக்கில் இது ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

கல்லூரி மாணவர்களோடு வகுப்பில் அமர்வது, குடியிருப்பிலேயே நடக்கும் பாடங்கள், சொற்பொழிவு, உடற்பயிற்சி, தொண்டுப் பணி, தனிப்பட்ட ஆய்வு எல்லாம் இக்கணக்கில் சேரும். பாடம் கேட்பது போலப் பாடம் நடத்துவதும் கற்றலாகவே மதிக்கப்படுகிறது. உடல் தளர்ந்தவருக்கு அவரால் இயன்ற வகையில் திட்டம் அமைக்கப்படுகிறது. வகுப்பில் இதனால் மாணவர்களுக்கும் பயன் உண்டு. பாடநூலில் நான்கு வரியாக உள்ள ஒரு போரையோ பொருளாதார வீழ்ச்சியையோ வாழ்ந்து கடந்தவர் பக்கத்து இருக்கையில் இருந்து பேசும்போது, இருபது வயது மாணவருக்கு வரலாறு வேறாகத் தெரியும்.

வழக்குகளும் குறைகளும்

லாசல் கிராமம் சொத்துவரி விலக்குக் கோரியபோது, அது முதன்மையாகக் கல்வி நிறுவனமா, குடியிருப்பா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குச் சென்றது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல் விலக்கை ஏற்கவில்லை. மிராபெல்லாவிலோ, அருகிலிருந்த இசை அரங்கின் இரவு ஒலி குடியிருப்போரின் உறக்கத்தைக் கெடுப்பதாக வழக்கு எழுந்தது. இளையோர் நடுவே வாழ வந்தவர்கள் இளையோரின் ஓசையைப் பொறுக்க வேண்டாமா என்று ஒரு சாரார் கேட்டனர். உறக்கம் எந்த வயதிலும் உரிமை அல்லவா என்று மறுசாரார் கேட்டனர்.

பெரிய குறை பணம். இத்தகைய குடியிருப்புகள் பலவற்றில் சேர நுழைவுக் கட்டணமே சில லட்சம் டாலர். மாதக் கட்டணம் தனி. ஆகவே நல்ல வேலையில் இருந்து, சொந்த வீட்டை விற்றுப் பணம் கையில் வைத்திருப்பவர்களுக்கே பெரும்பாலும் இவ்வாழ்வு கிட்டுகிறது. ஆண்ட்ரஸ் கண்ட ஆசிரியையைப் போன்ற ஒருவர் இன்று லாசல் கிராமத்தின் வாசலைத் தாண்ட முடியாது.

மதிப்பீடு

சன் சிட்டிக்கும் லாசல் கிராமத்துக்கும் இடையே 40 ஆண்டுகள். முதலாவதில் முதியவர்கள் பள்ளிக்கூடத்தைத் தங்களுக்குத் தொடர்பில்லாத செலவாகக் கண்டனர். இரண்டாவதில் கல்லூரியின் உள்ளேயே குடிபுகுந்தனர். முதுமைக்கும் இளமைக்கும் இடையே சுவர் எழுப்பினால் இரு பக்கமும் இழப்பு என்பதை இந்த 40 ஆண்டுகள் காட்டுகின்றன.

இந்த வரலாற்றில் அதிகம் பரவியது விலை உயர்ந்த கட்டடம் அல்ல, நியூயார்க் ஆசிரியர்கள் 1962-இல் கண்ட எளிய முறையே. ஓர் அறை, சில நாற்காலிகள், தெரிந்ததைச் சொல்லவும் தெரியாததைக் கேட்கவும் மனம் உள்ள பத்துப் பேர். நுழைவுக் கட்டணம் கட்ட இயலாத ஊர்களிலும் இந்த அளவுக்கு அமைத்துக்கொள்ள முடியும்.