வலஞ்சுழியும் இடஞ்சுழியும்: டி.என்.ஏ முறுக்குச் சிக்கலும் ராமச்சந்திரன் மரபின் ஆய்வாளர்களும்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் 1952 முதல் உருவாக்கிய உயிரியற்பியல் ஆய்வுக்குழு, புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்ததற்காக உலகெங்கும் அறியப்பட்டது. அக்குழுவில் உருவான வி. சசிசேகரன் பின்னர் பெங்களூரில் தம் குழுவினருடன் டி.என்.ஏ பக்கம் திரும்பினார். டி.என்.ஏ உண்மையில் இருபுரிச் சுருள்தானா என்ற கேள்வியை 1976இல் அவர்கள் எழுப்பினர். டி.என்.ஏ இரட்டிப்பாகும்போது அதன் இரு புரிகளும் எவ்வாறு சிக்கின்றிப் பிரிகின்றன என்ற பழைய புதிர், அந்தக் கேள்விக்கு வலுச் சேர்த்தது. அவர்கள் முன்வைத்த மாதிரி நிலைக்கவில்லை. எனினும் அதை மறுப்பதற்கு பிரான்சிஸ் கிரிக் நேரடியாகக் களமிறங்க வேண்டியிருந்தது.

கயிற்றின் கணக்கு

பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தில் தென்னை நாரிலிருந்து கயிறு திரிக்கும் தொழில் பரவலாக நடக்கிறது. இரண்டு புரிகளை ஒன்றன்மேல் ஒன்று முறுக்கினால் இருபுரிக் கயிறு. அதன் ஒரு முனையை முளையில் கட்டிவிட்டு, மறுமுனையில் இரு புரிகளையும் பிடித்து இழுத்துப் பிரித்தால் என்ன ஆகும் என்பது கயிற்றோடு பழகிய எவருக்கும் தெரியும். பிரிந்த இடத்திலிருந்த முறுக்கு காணாமல் போவதில்லை. அது முன்னால் தள்ளப்பட்டு, மீதிக் கயிற்றை இறுக்கி, கடைசியில் கயிறே தன்மீது சுருண்டுகொள்ளும். மேலும் பிரிக்க வேண்டுமானால் கயிறு முழுவதையும் சுழற்ற வேண்டும். அல்லது எங்கேனும் ஒரு புரியை அறுத்து, முறுக்கை விட்டு, மறுபடி சேர்க்க வேண்டும்.

ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 அன்று நேச்சர் இதழில் டி.என்.ஏவின் வடிவத்தை வெளியிட்டனர். எதிரெதிர்த் திசையில் ஓடும் இரு புரிகள், இடையில் கார இணைகள், சுமார் பத்து இணைகளுக்கு ஒரு சுற்று, எல்லாச் சுற்றும் வலஞ்சுழி. இரு புரிகளும் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு புதிய புரிக்கு அச்சாக அமையும் என்று அடுத்த மாதமே எழுதிய அவர்கள், பின்னிய புரிகள் பிரிவதிலுள்ள இடர்ப்பாட்டையும் அங்கே ஒப்புக்கொண்டனர். 1954இல் மாக்ஸ் டெல்புருக் இதைப் பெருஞ்சிக்கலாகக் கருதி, புரிகள் அறுபட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையைச் சொன்னார். 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் செய்த சோதனை, இரட்டிப்பின்போது பழைய புரிகள் தனித்தனியே பிரிந்து புதிய மூலக்கூறுகளுக்குச் செல்வதை உறுதி செய்தது. புரிகள் பிரிகின்றன என்பது உறுதியானது. எப்படிப் பிரிகின்றன என்பது அப்படியே நின்றது.

இது சிறிய கணக்கன்று. ஈ. கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏவில் சுமார் 46 லட்சம் கார இணைகள் உள்ளன. அதாவது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள். ஏறத்தாழ 40 நிமிடத்தில், இரண்டு கவைகளாகப் பிரிந்து இது முழுவதும் இரட்டிப்பாகிறது. ஒவ்வொரு கவையிலும் நொடிக்கு ஏறக்குறைய 90 சுற்றுகள் அவிழ வேண்டும். போதாததற்கு அந்த டி.என்.ஏ முனையில்லாத ஒரு வளையம்.

கிண்டியில் தொடங்கிய குழு

ராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்து, சி. வி. ராமனிடம் இயற்பியலுக்கு மாறியவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடியபோது ராமன் பரிந்துரைத்தது இவரைத்தான். பொறுப்பேற்றபோது வயது 30கூட நிறையவில்லை. கிண்டி வளாகத்தில் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் ஆய்வகம் அமைந்தது. சென்னைக்கு வந்த ஜே. டி. பெர்னல், தோலிலும் தசைநாணிலும் உள்ள கொல்லாஜன் புரதத்தின் வடிவம் இன்னும் தீரவில்லை என்று சொன்னது திசையைத் தீர்மானித்தது. அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்ததால் மாதிரிக்குப் பஞ்சமில்லை. கங்காரு வாலின் தசைநாண்வரை கிடைத்தது.

ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொல்லாஜன் ஒரு முப்புரி என்று நேச்சரில் எழுதினர். 1955இல் அந்த மூன்று புரிகளும் சேர்ந்து மேலும் ஒரு முறை முறுக்கிக்கொள்கின்றன என்று திருத்தினர். அதே ஆண்டு அலெக்சாண்டர் ரிச்சும் கிரிக்கும் தங்கள் வடிவத்தை வெளியிட்டனர். முப்புரி என்பதை ஏற்றுக்கொண்ட அவர்கள், சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கியிருப்பதாகக் குறை கூறினர்.

சென்னைக் குழு அந்தக் குறையையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டது. அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் திரட்டி, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு ஓர் இயல்பு எல்லையும் ஒரு வெளி எல்லையும் வகுத்தார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டு. அந்த இரண்டையும் படிப்படியாக மாற்றி, அணுக்கள் மோதாத இடங்களை மட்டும் குறித்தபோது கிடைத்ததுதான் ராமச்சந்திரன் வரைபடம். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவர் பெயரிலும் அது 1963இல் வெளியானது. இன்றும் ஒரு புரத அமைப்பைச் சரிபார்க்க வேண்டுமானால் முதலில் இந்த வரைபடத்தில்தான் வைத்துப் பார்க்கிறார்கள். கிரிக்குடனான முதல் பிணக்கில் சென்னைக்குக் கிடைத்தது, கொல்லாஜனை விடவும் பெரிய வரவு.

கர்த்தா அமெரிக்காவில் பஃபலோவுக்குச் சென்று, 1967இல் ரிபோநியூக்ளியேஸ் நொதியின் அமைப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரானார். சென்னையில் இருந்தவர்கள் அதே காலத்தில் இன்னொரு துணிச்சலைக் காட்டினர். புரதத்துக்குப் பயன்பட்ட முறையை டி.என்.ஏவுக்கும் ஏன் பயன்படுத்தக்கூடாது? சசிசேகரன், ஏ. வி. லட்சுமிநாராயணன், ராமச்சந்திரன் ஆகியோர் இதைத் தொடங்கினர். புரதத்தில் இரண்டு கோணங்கள் போதும். நியூக்ளியோட்டைடில் முதுகெலும்புக்கு மட்டும் ஆறு கோணங்கள். சர்க்கரை வளையத்தின் மடிப்பும், காரம் திரும்பும் கோணமும் தனி. ஒரு தாளில் வரைந்து முடியும் வேலை அன்று.

1970இல் ராமச்சந்திரன் சென்னையை விட்டு நீங்கினார். இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவு உருவாக, ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் பெங்களூர் சென்றனர். சென்னையில் படிகவியல் மரபு தொடர்ந்தது என்றாலும், டி.என்.ஏ பற்றிய கேள்வி அவர்களோடு பெங்களூருக்குப் போனது.

சுற்றிப் பின்னாத இருபுரி

1976இல் சசிசேகரனும் என். பட்டாபிராமனும் கரண்ட் சயின்ஸ் இதழில் ஒரு மாற்று வடிவத்தை முன்வைத்தனர். வாட்சன்-கிரிக் கார இணைகள் அப்படியே இருக்கும். புரிகள் எதிரெதிர்த் திசையில் ஓடுவதும் அப்படியே. முறுக்கு மட்டும் மாறும். சில இணைகள்வரை வலஞ்சுழி, அடுத்த சில இணைகள் இடஞ்சுழி, மறுபடி வலஞ்சுழி. வலத்தில் ஏறிய முறுக்கை இடம் கழித்துவிடுவதால், இரு புரிகளும் ஒன்றையொன்று சுற்றாமல் ஏறக்குறைய அருகருகே படுத்திருக்கும். அதே ஆண்டு நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ராட்லி குழுவினரும் இத்தகைய வடிவத்தையே தனியாக வெளியிட்டிருந்தனர்.

இந்த வடிவத்தின் கவர்ச்சி எங்கே என்பதைக் கயிற்றை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு முழம் வலமாகவும் ஒரு முழம் இடமாகவும் முறுக்கிய கயிற்றைப் பிரிக்கச் சுழற்ற வேண்டியதில்லை, அறுக்கவும் வேண்டியதில்லை. டி.என்.ஏ இரட்டிப்பின் பெருஞ்சிக்கல் ஒரே வீச்சில் இல்லாமல் போகிறது. 1978இல் சசிசேகரன், பட்டாபிராமன், ஜி. குப்தா மூவரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் இந்த மாற்று வடிவத்தின் விளைவுகளை எழுதினர்.

இதை ஒரு விந்தைக் கருத்தாக ஒதுக்குவது நியாயமில்லை. 1970களின் நடுப்பகுதிவரை டி.என்.ஏ வடிவத்துக்கு இருந்த சான்று பெரும்பாலும் இழைகளின் எக்ஸ்-கதிர்ப் படங்களே. இழைப்படம் சராசரியான ஒரு வடிவத்தைத்தான் காட்டும். ஒவ்வோர் அணுவையும் தனித்துக் காட்டாது. அணுக்கள் மோதாமல் அமையும் வடிவங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால், அவற்றுள் இதுதான் என்று எதைக்கொண்டு முடிவு செய்வது? கொல்லாஜனில் கேட்டுப் பழகிய கேள்வி அது.

கிரிக்கின் மறுமொழி

விடை வேறு வழியில் வந்தது. 1971இல் ஜேம்ஸ் வாங் ஈ. கோலையில் ஒரு புரதத்தைக் கண்டறிந்திருந்தார். அது டி.என்.ஏவின் ஒரு புரியை அறுத்து, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டிவிடும். டோபோஐசோமரேஸ் எனப்படும் நொதி வகையில் அது முதலாவது. மாற்று வடிவம் வெளியான அதே 1976இல் மார்ட்டின் கெல்லர்ட் குழுவினர் ஜைரேஸ் நொதியை அறிவித்தனர். இரு புரிகளையும் ஒருசேர அறுத்து, அந்த இடைவெளி வழியே டி.என்.ஏவின் இன்னொரு பகுதியைக் கடத்தி, மீண்டும் சேர்க்கும் நொதி என்று அது பின்னர் தெளிவானது. டெல்புருக் யோசித்த அறுத்தலும் ஒட்டலும் செல்லுக்குள் நடந்துகொண்டுதான் இருந்தது. சிக்கலே இல்லாத வடிவம் தேவையில்லை; சிக்கலை எடுக்கும் கருவி இருக்கிறது.

1979இல் கிரிக், வாங், வில்லியம் பாயர் மூவரும் டி.என்.ஏ உண்மையில் இருபுரிச் சுருள்தானா என்பதையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினர். அவர்கள் அணு இடைவெளிகளைப் பற்றி வாதாடவில்லை. மூடிய டி.என்.ஏ வளையத்தில் ஒரு புரி மற்றொன்றை எத்தனை முறை சுற்றுகிறது என்பது, அறுக்காதவரை மாறாத முழு எண். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் வளையம் கூழ்மத்தில் வேறு வேகத்தில் ஓடித் தனிப் பட்டையாகத் தெரியும். வளையத்தில் தெரிந்த எண்ணிக்கையில் கார இணைகளைச் சேர்த்து, பட்டைகள் எவ்வளவு நகர்கின்றன என்று அளந்தால் ஒரு சுற்றுக்கு எத்தனை இணைகள் என்பது கிடைத்துவிடும். வாங்கின் அளவீட்டில் அது 10.4 அளவில் வந்தது. வலமும் இடமும் சமமாகக் கழிந்திருந்தால் அந்தச் சுற்று எண்ணிக்கை சுழியை ஒட்டியிருக்க வேண்டும்.

சென்னை முறையின் எல்லை இங்கே தெரிகிறது. எது நடக்க முடியாது என்பதை அணு நெருக்கம் திட்டவட்டமாகச் சொல்லும். நடக்க முடிந்த இரண்டில் எது நடந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. கொல்லாஜனில் அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை; டி.என்.ஏவில் அதுவே தீர்மானமானது.

இடஞ்சுழி வந்த வழி

1979 முடிவதற்குள் கதை இன்னொரு பக்கம் திரும்பியது. கொல்லாஜனில் கிரிக்குடன் சேர்ந்து எழுதிய அதே அலெக்சாண்டர் ரிச்சின் குழு, ஒரு சிறு டி.என்.ஏ துண்டைப் படிகமாக்கிப் பார்த்தபோது அது இடஞ்சுழியாக இருந்தது. இசட்-டி.என்.ஏ என்று பெயர் பெற்ற அந்த வடிவம், பெங்களூர்க் குழு வரைந்திருந்த இடஞ்சுழிப் பகுதியைப் போன்றதன்று. ஆனால் டி.என்.ஏ இடஞ்சுழியாகவும் இருக்கலாம் என்று மூன்றாண்டுகளாகச் சொல்லிவந்தவர்களை இனி எளிதாகத் தள்ள முடியவில்லை. 1980இல் குப்தா, மஞ்சு பன்சல், சசிசேகரன் மூவரும் டி.என்.ஏவின் பல்வடிவத் தன்மையையும் சுழித் திசையையும் பற்றி எழுதினர். அதே ஆண்டு டிக்கர்சன் குழுவினர் 12 கார இணைகள் கொண்ட துண்டின் படிக அமைப்பை வெளியிட்டனர். அது வலஞ்சுழி, ஆனால் படிக்குப் படி கோணம் மாறும், நேர்க்கோடாக இல்லாத வலஞ்சுழி.

ராமச்சந்திரனிடம் கொல்லாஜனில் ஆய்வு செய்தவரான மஞ்சு பன்சல், அந்த ஒழுங்கின்மையையே தம் வாழ்நாள் ஆய்வாக்கினார். கார இணைகளின் ஒவ்வொரு படியிலும் உள்ள திருப்பத்தையும் சாய்வையும் கணக்கிடும் நியூபார்ம் என்ற நிரல் அவருடைய குழுவில் உருவானது. ராமச்சந்திரன் 2001 ஏப்ரல் 7 அன்று காலமானார்.

முறுக்கை அறுத்து எடுக்கும் நொதிகள் இன்று மருத்துவத்தின் பொருளாகிவிட்டன. சிப்ரோஃப்ளாக்சசின் உள்ளிட்ட ஃப்ளோரோகுயினலோன் மருந்துகள் பாக்டீரியாவின் ஜைரேஸை இடைமறித்தே அதைக் கொல்கின்றன. அவ்வகை மருந்துகள் சில, மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கும் தரப்படுகின்றன. சசிசேகரனின் மாதிரி பிறந்த அதே இந்திய அறிவியல் கழக வளாகத்தில், வி. நாகராஜாவின் குழு காசநோய்க் கிருமி இனத்தின் ஜைரேஸையும் பிற டோபோஐசோமரேஸ்களையும் பல்லாண்டுகள் ஆராய்ந்தது.