உள்ளே எழுதியிருப்பவர்கள்: வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் தோல்ஷாப் வரை

இலக்கியப் பத்திரிகையைக் கையில் எடுத்தால் எல்லாரும் கதையைப் படிக்கிறார்கள், கவிதையைப் படிக்கிறார்கள். நாம் முதலில் படிக்க வேண்டியது பேர்களை. யார் கதை, யார் கவிதை, படம் போட்டது யார், எந்த ஊர் என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனால், அந்தக் காலத்தில் எந்தத் தெருவரைக்கும் பேனா வந்திருந்தது, எந்தத் தெரு முக்கில் திரும்பிப் போய்விட்டது என்பது தெரிந்துவிடும். நவீனத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதியவர்கள் இந்தப் பேர்களை ரசனைக்கு உரியவர்களின் பட்டியலாகக் காட்டிவந்திருக்கிறார்கள். தெருக்களின் பட்டியலாக வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

திண்டுக்கல் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1985-இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இது மதுரை ஜில்லா. இதில் வத்தலக்குண்டு என்கிற சின்ன ஊர் தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்குக் கொடுத்த ஆட்கள் மூன்று பேர். 1872-இல் பிறந்த பி.ஆர். ராஜமய்யர் ‘கமலாம்பாள் சரித்திர’த்தை 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக எழுதினார், இருபத்தாறு வயதில் செத்தும் போனார். 1905-இல் பிறந்த பி.எஸ். ராமையா, 1933-இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய ‘மணிக்கொடி’யை 1935-இலிருந்து சிறுகதைப் பத்திரிகையாக நடத்தினார். சின்னமனூரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’வைத் தொடங்கி, 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். அச்சான புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற மனுஷன் அவர். அந்தப் பிடிவாதத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஊர்ப்பெருமை பேசுகிறவர்கள் இந்த மூவரையும் சொல்லி, இது இலக்கிய மண் என்பார்கள். சரி, மண்தான். ஆனால் மூணு பேரும் ஒரே அக்ரகாரத்து ஆட்கள். அதே ஊருக்குச் சேரியும் உண்டு, காலனியும் உண்டு. அங்கே இருந்தவனுக்குக் கதை தெரியாதா? ராத்திரி முழுக்க ஒப்பாரியிலும் தெம்மாங்கிலும் கதை கட்டத் தெரிந்த சனம் அது. இல்லாதது வேறே: பள்ளிக்கூடத்தில் உட்கார இடம், மதுரைக்கும் மெட்ராசுக்கும் போக ரயில் காசு, போன இடத்தில் தங்க ஒரு சொந்தக்காரன் வீடு, எழுதினதை வாங்கி வாசிக்க ஒரு ஆசிரியர். ராஜமய்யர் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. படித்தார். சேரியில் ஒரு பையன் அன்றைக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாலே பெரிசு. திறமையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசியாக வேண்டும்.

சரி, அன்றைக்கு நம்ம ஆட்கள் யாருமே எழுதவில்லையா? இங்கேதான் இலக்கிய வரலாறு பெரிய இருட்டடிப்பைச் செய்திருக்கிறது. ராஜமய்யரின் தொடர் ஆரம்பித்த அதே 1893-இல், அதே சென்னையில், அக்டோபர் மாதம், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பேரை மறைத்துக்கொள்ளாமல் எதை வைத்து இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பாக வைத்தார். ஒரே ஊர், ஒரே வருஷம், இரண்டு பத்திரிகைகள். ஒன்றில் வந்தது தமிழ் நாவலின் தொடக்கம் என்று பாடப் புத்தகத்தில் ஏறிவிட்டது. மற்றது அடிக்குறிப்பில்கூட இல்லாமல் நூறு வருஷம் கிடந்தது.

அப்புறம் 1907 ஜூன் 19. ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’. ஒரு வருஷம் கழித்து ‘தமிழன்’. பண்டிதர் 1914-இல் காலமாகும்வரை வாரம் தவறாமல் உழைத்த ஏடு. அதில் எழுதினவர்களைப் பாருங்கள். திருப்பத்தூர் ஏ.பி. பெரியசாமிப் புலவர், கோலார் தங்கவயல் ஜி. அப்பாதுரையார், பெண்களில் சுவப்னேசுவரி அம்மாள். பூமிக்கடியில் தங்கம் வெட்டின கூலிகளின் ஊரான கோலார்தான் அந்தப் பத்திரிகைக்கு முட்டுக்கொடுத்து நின்றது. ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். பண்டிதருக்குப் பிறகு அப்பாதுரையார் கோலாரிலிருந்தே ‘தமிழனை’ மறுபடியும் நடத்தினார். ஆக, அச்சு எந்திரம் நம்ம பக்கம் இருந்தபோது எழுதவும் ஆள் இருந்தது, படிக்கவும் ஆள் இருந்தது. ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இரண்டு தொகுதிகள் வரும்வரை, தமிழ் இலக்கியம் படித்த பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

‘எழுத்து’வுக்கு வருவோம். அதில் வந்த புதுக்கவிதைகளிலிருந்து 1962-இல் செல்லப்பா தொகுத்த ‘புதுக்குரல்க’ளில் 24 பேர் எழுதிய 63 கவிதைகள். ந. பிச்சமூர்த்தி, க.நா.சு., நகுலன், பசுவய்யா, சி. மணி, திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு. யாப்பை உடைத்தது உண்மையிலேயே பெரிய காரியம். பத்து வருஷத்துக்கு மேல் விமர்சனம் விமர்சனம் என்று அவர்கள் போட்ட சண்டையும் தேவையான சண்டைதான். ஆனால் அந்தக் குரல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்தவை. யாப்பு உடைந்தது, தெரு உடையவில்லை.

செல்லப்பாவின் ‘வாடிவாச’லை இங்கே சொல்ல வேண்டும். ஜல்லிக்கட்டைப் பற்றி இவ்வளவு நெருக்கமாகத் தமிழில் வேறு யாரும் எழுதவில்லை. கிழவனின் பேச்சு, ஜமீன்தாரின் வீம்பு, காரிக்காளையின் பார்வை என்று எல்லாம் நம்ம பக்கத்து மண் வாசனையோடு இருக்கும். முடிவில் அந்தக் காரி ஜமீன்தார் கையாலேயே சுடப்பட்டுச் சாகிறது. அதோடு கதையும் முடிகிறது.

நம்ம சனத்துக்குக் கதை அங்கே இருந்துதான் ஆரம்பிக்கிறது. செத்த மாட்டை இழுத்துக்கொண்டு போகிறவன் யார்? உரிக்கிறவன் யார்? உரித்த தோல் எங்கே போகும்?

திண்டுக்கல்லுக்குப் போகும். பேகம்பூர் பக்கமும் ஊரைச் சுற்றியும் தோல்ஷாப்புகள் நிறைந்திருந்த காலம் ஒன்று உண்டு. உப்புத்தடவி வந்த பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, மயிர் கழிந்ததும் கத்தியால் சவ்வைச் சீவி, ஆவாரம்பட்டை ஊறின தண்ணியில் போட்டுப் பதப்படுத்துவார்கள். குழிக்குள் இறங்கி மிதிக்கிறவனுக்குக் கால் விரல் இடுக்கு வெந்துபோகும். கை வெந்து சோறு பிசைய முடியாது. நாத்தம் உடம்பை விட்டுப் போகாது. அந்த நாத்தத்தையே சாதியாக்கி ஒதுக்கி வைத்தார்கள். இறங்கினவர்களில் தலித் கிறிஸ்தவர்களும் மற்ற தலித்துகளும்தான் அதிகம். முன்பணம் வாங்கினவன் அதைக் கழிக்கவே முடியாது. அப்பன் வாங்கின கடனுக்கு மகன் குழியில் இறங்குவான். பதப்பட்ட தோல் கப்பலேறிச் சீமைக்குப் போகும்.

இது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் நடந்தது. ‘மணிக்கொடி’யும் அதே முப்பதுகளில் வந்ததுதான். வத்தலக்குண்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையில் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்தத் தூரத்தைத் தமிழ் நாவல் கடக்க 2010 வரைக்கும் ஆனது.

கடந்தவர் டி. செல்வராஜ். 1938-இல் திருநெல்வேலிச் சீமை தென்கலத்தில் பிறந்து, தேவிகுளம் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வளர்ந்து, பிற்பாடு திண்டுக்கல்லில் வக்கீலாக இருந்தவர். இவர் எழுதிப் பழகின பத்திரிகைகள் வேறே வரிசை: ரகுநாதனின் ‘சாந்தி’, விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’, ஜீவா தொடங்கிய ‘தாமரை’, அப்புறம் ‘செம்மலர்’. உழைக்கிறவன் கதை வேண்டும் என்று கேட்டு வாங்கின பத்திரிகைகள் இவை. இந்தக் கதவு திறந்திராவிட்டால் பல பேர் எழுதவே வந்திருக்க மாட்டார்கள். ஆனால் கதவுக்குள் நுழையும்போது சாதியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, தொழிலாளி, விவசாயி என்ற பேரில்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. செல்வராஜின் முதல் நாவலான ‘மலரும் சருகும்’ அறுபதுகளில் வந்தபோது அதைச் சோஷலிச யதார்த்தவாதம் என்றார்கள். அதைத் தமிழின் முதல் தலித் நாவல் என்று விமர்சகர்கள் சொல்ல ஆரம்பித்தது ரொம்பக் காலம் கழித்துத்தான்.

‘தோல்’ நாவலில் ஓசேப்பு வருகிறான். சுண்ணாம்புக் குழியிலிருந்து ஏறி வந்து சங்கம் கட்டுகிற சனங்கள் வருகிறார்கள். திண்டுக்கல்லில் கம்யூனிஸ்டுகள் முன்னின்று நடத்திய தோல் தொழிலாளர் போராட்டங்களின் சாரம் அதில் இருக்கிறது. 2012-இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. 2019-இல் செல்வராஜ் இறந்தார். கோர்ட்டில் கேஸ் நடத்தின வக்கீல் எழுதியதால்தான் அந்தச் சனங்களின் பாடு அச்சில் ஏறியது. குழியில் இறங்கினவனே எழுதின நாவல் இன்னும் வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிப் பட்டியல் மாறத் தொடங்கியது. 1992-இல் பாமாவின் ‘கருக்கு’ மதுரையிலிருந்து வந்தது. இலக்கியப் பத்திரிகை வாசல் வழியாக அது வரவில்லை. சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் போட்டது. 1997-இல் ‘தலித் முரசு’, அதே காலத்தில் ரவிக்குமாரின் ‘தலித்’. அதுவரைக்கும் அச்சில் பேர் வராத ஆட்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதி அனுப்பினார்கள். பிழை திருத்துகிறேன் என்று பேச்சை அழிக்காமல் போட்டதுதான் இந்த இதழ்கள் செய்த பெரிய காரியம்.

படம், கலை என்று வரும்போது இன்னும் பாக்கி இருக்கிறது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா வளர்த்த சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறை அடிக்கிறார்கள். சாவுக்கு அடி என்று ஆம்பளைகள் தலையில் கட்டிய வேலையை, இந்தப் பெண்கள் மேடையில் ஆட்டமாக மாற்றினார்கள். அதுவும் தோல்தான். வட்டக் கட்டையில் இழுத்துக் கட்டி, அடிப்பதற்கு முன்னால் நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். பத்திரிகைகள் இந்த ஆட்டத்தைப் பெரிய படமாகப் போடுகின்றன. படத்துக்குக் கீழே பல நேரம் படம் எடுத்தவர் பேர் இருக்கும். அடிக்கிறவள் பேர் இருக்காது.