செப்பேடும் கோவையும் பட்டப்பெயரும்

கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், பாகூர் எனத் தொடரும் புதுச்சேரியின் சிற்றூர்ப் பகுதியில், கல்விக்கும் கலைக்கும் கைகொடுத்தோரைப் போற்றும் வழக்கம் மிகப் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், பாகூரில் இயங்கிய வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாயின. குறுநிலத் தலைவன் ஒருவனின் வேண்டுகோளின்பேரில் மன்னன் அளித்த அக்கொடையை, வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பெற்ற பாகூர்ச் செப்பேடுகள் இன்றும் அறிவிக்கின்றன.

அரசர் இருந்த இடத்துக்குப் பின்னாளில் வணிகர் வந்தனர். அவர்களுள் நாம் முதலில் எண்ணத்தக்கவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). பெரம்பூரில் பிறந்து புதுவையில் வளர்ந்தவர். பாக்குக் கிடங்கும் ‘ஆனந்தப் புரவி’ என்னும் கப்பலும் உடையவர். துய்ப்ளேக்சின் தலைமைத் துபாசியாக விளங்கியவர். புலவர்களை ஆதரித்த அவர்மீது தியாகராய தேசிகர் ‘ஆனந்தரங்கன் கோவை’ பாடினார். சீனிவாச கவி 1752-இல் வடமொழியில் ‘ஆனந்தரங்க விஜய சம்பு’ இயற்றினார்.

கோவை இலக்கியத்தின் அமைப்பு நம் கவனத்துக்குரியது. அதில் காதல் கொள்ளும் கிளவித்தலைவனுக்குப் பெயரில்லை. பெயரோடு நிற்பவன் பாட்டுடைத்தலைவனாகிய புரவலனே. கதையில் அவனுக்கு வேலை இல்லை. ஆனால் அவன் பெயரும் ஊரும் புகழும் பாட்டுக்குள் வந்துகொண்டேயிருக்கும். கொடைக்குத் தமிழ்ப்புலவர் செலுத்திய நன்றிக்கடன் இவ்வாறு ஓர் இலக்கண நெறியாகவே நிலைபெற்றிருந்தது.

எனினும், பிள்ளையை இன்று நாம் அறிவது அந்தக் கோவையாலா? இல்லை. 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பே அவரை நமக்குக் காட்டுகிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 தொடங்கி 12 தொகுதிகளாக வெளிவந்தது. கோவையில் குறையேதுமற்ற தலைவனாகத் தோன்றுபவர், நாட்குறிப்பில் கலங்கும் மனிதராக நிற்கிறார். 1748-இல் பிரெஞ்சுக்காரர் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தபோது, அத்தனை செல்வாக்கிருந்தும் அவரால் அதைத் தடுக்க இயலவில்லை; நிகழ்ந்ததை எழுதிவைக்கவே முடிந்தது. புகழ்ப்பாடல் அவருடைய செல்வத்தைச் சொல்கிறது. அச்செல்வத்தின் எல்லையைச் சொல்வது நாட்குறிப்பு.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே ஊரில் வேறுவகைப் புரவலர்களைக் காண்கிறோம். 1908-இல் பாரதியார் புதுவை வந்தார். 1910-இல் ‘இந்தியா’ நின்றபின் அவருக்கு நிலையான வருவாய் இல்லை. ஆங்கில அரசின் ஒற்றர்களோ சுற்றிலும் இருந்தனர். அவருக்கு உதவுவது தம்மையும் ஐயத்துக்கு உள்ளாக்கும் என்பது ஊரறிந்தது. அக்காலத்தில்தான் கலவை சங்கரஞ் செட்டியார் தம் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தார். 1910-இல் அரவிந்தர் புதுவை வந்தபோது முதலில் தங்கியதும் அவ்வீட்டிலேதான். முத்தியாலுப்பேட்டைக் கிருஷ்ணசாமிச் செட்டியாரின் தோப்பு ‘குயில் பாட்டு’ப் பிறந்த இடமாகச் சொல்லப்படுகிறது. அவருக்கு நண்பர் வட்டத்தில் ‘வெல்லச்சு’ என்று பெயர். பாரதியார் குடியிருந்த வீட்டின் உரிமையாளரோ ‘விளக்கெண்ணெய்ச் செட்டியார்’. வாடகைக்காக வருவார், பாரதியார் பாடிக்கொண்டிருந்தால் கேட்டுவிட்டு, வாடகையைப் பற்றிப் பேசாமலே திரும்பிவிடுவார் என்று வ.ரா. எழுதுகிறார்.

இவர்களைப் பாட்டுடைத்தலைவராக்கி எவரும் கோவை பாடவில்லை; இவர்களும் அதனை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. இலக்கிய வாசகர் நினைவில் தங்கியது பட்டப்பெயரே. ஆனால் ‘கண்ணன் பாட்டு’ம் ‘பாஞ்சாலி சபத’மும் ‘குயில் பாட்டு’ம் உருவான ஆண்டுகளில், கவிஞரின் தலைக்குமேல் கூரை நின்றதற்கு இத்தகையோரின் பொறுமையும் ஒரு காரணம்.

கலைக்குப் பொருள் தந்தோரைப் பாராட்ட இன்று மேடையும் பொன்னாடையும் உண்டு. அவை வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. பாகூர்க் கொடையாளனுக்குச் செம்பும் பிள்ளைக்குக் கோவையும் உரியனவாயிருந்தது போல, இவையும் தம் காலத்துக்கு உரியவை. ஆனால் பாராட்டுவோரின் பட்டியல் பெருந்தொகை அளித்தோரோடு முடிந்துவிடலாகாது. அச்சுக்கூலியைத் தள்ளிக் கொடுத்தவர், சிற்றிதழுக்கு ஆண்டுதோறும் விளம்பரம் தந்த கடைக்காரர், ஒத்திகைக்குக் கிடங்கைத் திறந்துவிட்ட அரிசி மண்டிக்காரர் ஆகியோரின் இயற்பெயர்களை அவரவர் ஊரார் இப்போதே எழுதிவைக்க வேண்டும். இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால் பட்டப்பெயரும் மிஞ்சாது.