திருவொற்றியூர் புல்லட்டுக்கு எது ஒரிஜினல்?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி: பழைய புல்லட்ல பாயின்ட்டைக் கழட்டிட்டு ஆஃப்டர்மார்க்கெட் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டலாமா? எனக்கும் அதே குழப்பம். அப்பாவோட வண்டி வீட்டுலதான் நிக்குது.

'கம்பெனி பார்ட்ஸ்தான் ஒரிஜினல்'னு மெக்கானிக் அண்ணன் அடிச்சுச் சொல்றார். ஆனா எந்தக் கம்பெனி? ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துல துப்பாக்கிப் பாகங்கள் செஞ்சு வளர்ந்தது. பீரங்கிச் சின்னம் அதனாலதான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாச்சு. திருவொற்றியூர்ல முதல்ல நடந்தது, ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டுற வேலை மட்டும்தான். அப்புறம் டூலிங்கும் வந்தது, பாகங்களை நம்ம ஆட்களே செஞ்சாங்க. அந்த வகையில, இங்கே செஞ்ச முதல் பார்ட்டே இங்கிலாந்து ஒரிஜினலுக்கு மாற்றுதானே! 1970-ல் இங்கிலாந்துல கதவு மூடிடுச்சு. புல்லட் இங்கே ஓடிட்டே இருந்தது. பின்னாடி எலக்ட்ரா மாடல்ல கம்பெனியே எலக்ட்ரானிக்குக்கு மாறிடுச்சு.

அதனால 'ஒரிஜினல்'ங்கிற வாதம் எனக்கு எடுபடல. பயம் வேற. பாயின்ட் கரிஞ்சா எண்ணூர் ரோட்டோரத்துல உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சு கிளம்பிடலாம். எலக்ட்ரானிக் பெட்டி போச்சுன்னா, தள்ளணும்.

கிட் வாங்கிட்டேன். பழைய பாயின்ட் பிளேட் டூல்பாக்ஸ்லயே இருக்கு.