தூரிகையிலிருந்து கணினிக்கு: தமிழகப் பதாகைக் கலையின் வரலாறு

வேலூரிலிருந்து ஆரணி செல்லும் சாலையில், ஜவ்வாது மலைத்தொடருக்கு அண்மையில் அமைந்தது கணியம்பாடி. தமிழகத்தின் பிற சாலையோர ஊர்களைப் போலவே இங்கும் மணவிழா, காதணி விழா, திருவிழா, நினைவஞ்சலி யாவும் பிளெக்ஸ் பதாகைகளாலேயே அறிவிக்கப்படுகின்றன. அவற்றை வரைவது கணினி. அதற்கு முன் அப்பணியைச் செய்த கைகளின் வரலாறு நீண்டது, நினைவுகூரத் தக்கது.

நாடகத் திரைகளே அக்கலையின் தாய்வீடு எனலாம். நாடகக் குழுவொன்றுடன் கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட ஓவியர் கொண்டையராஜு (1898-1976) தெய்வ உருவங்களைத் தீட்டினார். சிவகாசி அச்சகங்கள் அவற்றை நாட்காட்டிகளாக்கி வீடுதோறும் சேர்த்தன. அன்று அச்சு எந்திரம் ஓவியனின் கையை ஒழிக்கவில்லை. அதன் எல்லையை விரித்தது.

திரைப்படம் வளர்ந்தபோது பதாகைக் கலையும் உடன் வளர்ந்தது. 1957இல் 'வணங்காமுடி' படத்துக்காகச் சென்னைச் சித்ரா திரையரங்கில் மோகன் ஆர்ட்ஸ் நிறுவனம் நிறுத்திய சிவாஜி கணேசனின் கட்அவுட் ஏறத்தாழ 80 அடி உயரமுடையது. சிறு புகைப்படத்தின்மீது கட்டங்கள் இட்டு, அக்கட்டங்களையே பெருந்துணியில் பன்மடங்காக்கி, கோடு பிசகாமல் உருவை மாற்றுவது அக்கலையின் நுட்பம். பட்டறையில் சேர்ந்த சிறுவன் முதலில் தூரிகை கழுவுவான், பின் வண்ணம் குழைப்பான், எழுத்தை நிரப்புவான், பின்னணியும் ஆடையும் தீட்டுவான். முகம் மட்டும் ஆசிரியருக்கே உரியது. கட்டணம் கேளாத கலைக்கல்லூரியாக அப்பட்டறை விளங்கிற்று. உலகப் புகழ் பெற்ற எம்.எப்.உசேன் இளமையில் பம்பாயில் திரைப்படப் பதாகை வரைந்தவர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

1990இல் 'போட்டோஷாப்' மென்பொருள் வெளிவந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரளவு அச்சுப்பொறிகள் தமிழக நகரங்களை வந்தடைந்தன. ஓவியர் பல நாள் உழைத்து முடித்ததை எந்திரம் சில மணி நேரத்தில், சதுர அடிக் கணக்கில், குறைந்த விலைக்கு அளித்தது. தலைவருக்கும் நடிகருக்கும் மட்டுமே வாய்த்த பேருருவம் எளிய குடும்பத்துக் குழந்தையின் பிறந்தநாளுக்கும் வாய்த்தது. இதனைப் பொதுமக்கள் பெற்ற பேறென்றே கொள்ளல் வேண்டும். ஆயினும் அதற்கு விலையாகப் பட்டறைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. 2009இல் சென்னை மாநகராட்சி பொதுச் சுவர்களில் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டச் செய்தபோது பதாகை ஓவியர் சிலருக்கு மீண்டும் வேலை கிட்டியது. அது நிலையான வாழ்வாக அமையவில்லை.

மலிவு மிகுதியைப் பெற்றது. மிகுதி இடரைப் பெற்றது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் அனுமதியின்றி வைக்கப்பட்ட பதாகை சரிந்து, இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். உயர்நீதிமன்றம் வன்மையாகக் கண்டித்தது.

இம்மாற்றம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. மத்தியதரைக் கடலோரத்து ஏதென்சு நகரில், திரையரங்குக்குக் கையால் விளம்பர ஓவியம் தீட்டிய இறுதித் தலைமுறையினருள் ஒருவரான வாசிலிஸ் டிமித்ரியூ 2020இல் மறைந்தார். கடல்கள் வேறாயினும் கதை ஒன்றே.

எனின், கணினி கலைக்குப் பகையா? ஓவியர் டிராட்ஸ்கி மருதுவின் வாழ்வு அன்று என விடை கூறுகிறது. சென்னை ஓவியக் கல்லூரியில் கையால் பயின்ற அவர், தமிழில் கணினி ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரானார். கோட்டை அறிந்த கைக்குக் கணினி மற்றொரு தூரிகை ஆயிற்று. ஆனால் கல்லூரிப் படியேற வாய்ப்பற்ற சிற்றூர்ச் சிறுவனுக்குக் கோடு கற்பித்தது சாலையோரப் பட்டறையே. பதாகைகள் மறைந்ததைவிட அப்பள்ளி மறைந்ததே பேரிழப்பு. எஞ்சியுள்ள மூத்த ஓவியர்களை அரசுப் பள்ளிகளின் ஓவிய வகுப்புகளுக்கு அழைத்துக் கற்பிக்கச் செய்தல் இயலாத செயலன்று. அக்கைகள் ஓயுமுன் அது நிகழ்தல் வேண்டும்.